வடிவம் தந்த மருந்து

மாமல்லபுரக் கரையில் உளியோசை கேட்டு நின்றோர்க்கு ஓர் உண்மை விளங்கும். கல் ஒன்றே, சிலையாவதும் அம்மியாவதும் அது பெறும் வடிவத்தாலே. ஆட்டுக்கல்லையே எடுத்துக்கொள்வோம். குழிக்கேற்ற குழவி சுழன்றால்தான் மாவு அரைபடும். அக்குழியில் கச்சிதமாக அமர்ந்துகொண்டு சுழல மறுக்கும் வேறொரு கல் இருக்குமாயின், ஆட்டுக்கல் இருந்தும் இல்லாததே. தமிழ் மலரில் வேதியியலுக்கு என்ன வேலை என்று கேட்கும் பெரியோர்கள் இவ்வுவமையை மட்டும் மனத்திற்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

அக்கரைக்கு மேற்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில், செங்கற்பட்டை அடுத்துள்ளது திருமணி. அங்கிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகச் செலுத்துவதே நெடுங்காலச் சிகிச்சை. வலி மிகுதி, பயன் குறைவு. நோயாளியை ஊரும் உறவும் ஒதுக்கிய காலம் அது. 1940களின் பிற்பகுதியில் டாக்டர் இராபர்ட் காக்ரேன் அங்கே டாப்சோன் என்னும் மருந்தை ஊசி வழியே கொடுத்துப் பார்த்தார். ஜெர்மானிய வேதியியலார் 1908லேயே ஆக்கிய பொருள்தான் அது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதன் மருத்துவப் பயனை எவரும் அறியவில்லை! பின்னர்ச் சிறு அளவில் வாய்வழி உட்கொண்டாலே போதும் என்றாயிற்று. எளியோர்க்கும் எட்டும் விலையில் மாத்திரை கிடைத்தது.

டாப்சோன் எவ்வாறு வேலை செய்கிறது? நடுவில் ஒரு கந்தக அணு. அதனோடு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள். இருபுறமும் சிறகு விரித்தாற்போல் இரு பென்சீன் வளையங்கள். அவற்றின் நுனிகளில் அமினோ தொகுதிகள். தொழுநோய்க் கிருமி தன் வாழ்வுக்கு வேண்டிய போலிக் அமிலத்தைத் தானே ஆக்கிக்கொள்வது. அதற்குப் பாரா அமினோ பென்சாயிக் அமிலம் என்னும் சிறு மூலக்கூறு தேவை. அதனை ஏற்று இணைக்கும் நொதியில் ஒரு குழி உண்டு. டாப்சோனின் ஒரு பாதி, வடிவிலும் மின்னூட்ட அமைப்பிலும் அம்மூலக்கூறை ஒத்திருக்கிறது. நொதி ஏமாறுகிறது, குழி அடைபடுகிறது, கிருமியின் பெருக்கம் தடைப்படுகிறது. முன்னர்ச் சொன்ன சுழலாத குழவி இதுவே.

நம் உடலில் அந்த ஆட்டுக்கல்லே இல்லை. போலிக் அமிலத்தை நாம் கீரையிலும் பருப்பிலும் பெற்றுக்கொள்கிறோம். ஆதலால் அந்த அடி கிருமியின்மீது மட்டுமே விழுகிறது. (இரத்தசோகை போன்ற வேறு பக்கவிளைவுகள் உண்டு, அவை வேறு வழியில் வருபவை.)

வடிவத்தால் வந்த வெற்றிக்கு வடிவத்தாலேயே ஊறு நேர்ந்தது. டாப்சோனை மட்டும் ஆண்டுக்கணக்கில் கொடுத்து வந்ததில், 1964இல் மலேசிய நோயாளிகளிடம் அதற்கு அடங்காத கிருமிகள் இருப்பது மெய்ப்பிக்கப்பட்டது. அத்தகைய கிருமிகளின் நொதியில் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. குழியின் விளிம்பில் நிகழ்ந்த அச்சிறு மாற்றத்தால் போலிக் குழவி பொருந்தவில்லை. உண்மைக் குழவியோ எப்படியோ சுழன்றுகொண்டிருந்தது. எனவே 1981இல் உலக சுகாதார நிறுவனம் டாப்சோனோடு ரிபாம்பிசினையும் குளோபாசிமினையும் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ஒரு குழி உருமாறினாலும், வேறிடங்களில் தாக்கும் மற்ற இரண்டும் கிருமியை விடா. திருமணி மருத்துவமனை 1955இல் மத்திய அரசின் பொறுப்பில் வந்தது. மத்திய தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையமாக இன்றும் அங்கேயே இயங்குகிறது.