இரத்தம் அமிலமாகிவிட்டதா?

சிறுநீரக வைத்தியத்தையே தொழிலாகக் கொண்ட என்னிடம், படித்தவரும் பாமரரும் ஒரே குரலில் வந்து சொல்லும் வதந்தி ஒன்று உண்டு: நாம் உண்ணும் உணவால் இரத்தம் அமிலமாகிவிடுகிறதாம், அமில இரத்தத்தில்தான் புற்றுநோய் வளர்கிறதாம், விலையுயர்ந்த இயந்திரம் ஒன்றைச் சமையலறையில் மாட்டி, அதில் வடியும் கார நீரைக் குடித்துவந்தால் அந்நோய் அண்டாதாம். கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

ஆரோக்கியமான மனிதனின் தமனி இரத்தத்தில் பி.எச். அளவு 7.35க்கும் 7.45க்கும் இடைப்பட்ட குறுகிய எல்லைக்குள்ளேயே நிற்கிறது. அதாவது, இயல்பிலேயே அது சற்றுக் காரமானது. உயிரணுக்கள் இரவும் பகலும் உண்டாக்கும் கரியமில வாயுவை நுரையீரல் ஒவ்வொரு மூச்சிலும் வெளியேற்ற, அமிலம் சிறிது மிகுந்தாலும் மூளையின் அடிப்பாகத்திலுள்ள சுவாச கேந்திரம் அதை உணர்ந்து சில நிமிஷங்களிலேயே மூச்சை விரைவுபடுத்த, புரத உணவிலிருந்து பிறந்து வாயுவாக வெளியேற வழியில்லாத அமிலங்களை இரத்தத்திலுள்ள பைகார்பனேட் உப்பு முதலில் அடக்க, பின்னர் சிறுநீரகம் அவற்றைப் பெரும்பாலும் அம்மோனியாவுடன் சேர்த்துக் கழித்து, செலவான பைகார்பனேட்டையும் புதிதாக ஆக்கி இரத்தத்திற்குத் திருப்பித் தருகிறது. இத்தனை சூக்ஷ்மமான ஏற்பாட்டை ஒரு தம்ளர் நீரா திருத்தப்போகிறது? அந்நீர் முதலில் போய் விழுவது பி.எச். 2 அளவிலுள்ள இரைப்பை அமிலத்தில். அங்கே அதன் காரம் கடலில் கரைத்த பெருங்காயம். எஞ்சியது ஏதேனும் இரத்தத்தைச் சேர்ந்தாலும் சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். சிறுநீரில் நனைத்த தாளின் நிறம் மாறியதைக் கண்டு, உடம்பே காரமாகிவிட்டதென்று பூரிப்பவர்கள், உடம்பு தனக்கு வேண்டாமென்று ஒதுக்கியதைப் பார்த்தே பூரிக்கிறார்கள்.

இந்தப் பிரசாரத்துக்குச் சாட்சியாக ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க்கை இழுப்பது எனக்கு அடங்காத கோபத்தைத் தருகிறது. 1931இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது உயிரணுக்களின் சுவாச என்ஸைமை ஆராய்ந்ததற்காக, கார நீருக்காகவன்று. புற்றுக்கட்டி சர்க்கரையைச் சிதைத்து லாக்டிக் அமிலத்தை ஏராளமாக உண்டாக்குகிறது என்று அவர் காட்டியது மெய்யே. ஆனால் அது கட்டி விளைவித்த அமிலமேயன்றி, கட்டியை விளைவித்த அமிலமன்று. ஆய்வுக்கூடங்களில் புற்றணுக்களை வளர்க்கும் திரவத்தின் பி.எச். அளவே சாதாரணமாக 7.4தான், அந்தக் காரத்தில் அவை செழித்துப் பெருகுகின்றன.

எலுமிச்சை இரத்தத்தைப் புளிப்பாக்கும் என்பதும் தவறு. அதிலுள்ள சிட்ரேட் உப்பு உடலில் பைகார்பனேட்டாகவே மாறுகிறது. நெஞ்செரிச்சலோ இரைப்பை அமிலம் உணவுக்குழாயில் ஏறுவதால் வருவது. இரத்தத்துக்கு அதில் சம்பந்தமில்லை.

சமையல் சோடாவைத் தாமாகவே தினந்தோறும் கரைத்துக் குடிப்பவர்களை மட்டும் கண்டிக்காமல் விடமுடியவில்லை. அதிலுள்ள சோடியம் உடலில் நீரைத் தேக்கி, பலவீனமான இருதயத்தைத் திணறச் செய்யும். சிறுநீரகம் பழுதாகி இரத்தத்தில் பைகார்பனேட் மெய்யாகவே குறைந்தவர்களுக்கு நாங்களும் அதே உப்பை மாத்திரையாகக் கொடுக்கிறோம். ஆனால் இரத்தத்தைச் சோதித்து, அளவு பார்த்துக் கொடுக்கிறோம். அமிலத்தைப் பற்றிக் கவலைப்பட உண்மையான காரணம் உள்ளவர்கள் இவர்களே. இவர்களிற் பலர் வலி மாத்திரைகளை மிட்டாய்போல் விழுங்கியும், நீரிழிவையும் இரத்தக் கொதிப்பையும் அலக்ஷியம் செய்தும் இந்நிலைக்கு வந்தவர்கள். ஆகையால் இயந்திரத்துக்கென்று பணம் எடுத்துவைத்திருப்பவர்கள், வீட்டில் நீரிழிவோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்களை ஆண்டுக்கு ஒருமுறை அழைத்துச் சென்று, இரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் அல்புமினும் எவ்வளவு என்று சோதித்து வரட்டும்.