காவலூரின் ஓசோன் கூரை

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் ஏறினால் காவலூர் வானாய்வகத்தை அடையலாம். அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்ட 1972ஆம் ஆண்டிலேயே, ஜூன் 7ஆம் நாள், வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்தது. காற்றில்லாத கோளம் மறைத்தால் விண்மீன் சட்டென்று அணையவேண்டும். காற்றிருந்தால் ஒளி சற்றே தேய்ந்து மறையும். காவலூரிலும் ஜாவாத் தீவிலும் பதிவான ஒளி தேய்ந்தே மறைந்தது. கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டு என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தனர்.

1979இல் வியாழனை நெருங்கிய வாயேஜர் 1, அவ்வளவு காற்று அங்கே இல்லை என்று காட்டிவிட்டது. வகுப்பில் முதல் பாதியை மட்டும் சொல்லிப் பெருமைப்படுவது எளிது. இரண்டையும் சொல்வதே என் வழக்கம்.

ஆனால் முறை தவறன்று. ஐரோப்பாவின் என்விசாட் செயற்கைக்கோளில் 2002 முதல் 2012 வரை இயங்கிய கோமோஸ் கருவி, பூமியின் விளிம்பில் விண்மீன்கள் மறைவதைக் கவனித்தே ஓசோனை அளந்தது. விண்மீன் கீழிறங்க இறங்க, எந்த உயரத்தில் எவ்வளவு ஓசோன் என்பது புலப்பட்டது.

தரையிலிருந்தும் அளக்கலாம். கொடைக்கானலில் பயன்பட்ட டாப்சன் நிறமாலை ஒளிமானி இதற்கானதே. சூரிய ஒளியில் 305.5, 325.4 நானோமீட்டர் அலைநீளமுள்ள இரு கதிர்களை அது ஒப்பிடுகிறது. முதற்கதிரை ஓசோன் மிகுதியாக உறிஞ்சும். இரண்டாவதைச் சிறிதளவே உறிஞ்சும். ஒன்றை மட்டும் அளந்தால், ஒளி குறைந்தது ஓசோனாலா, தூசியாலா என்று எப்படிச் சொல்வீர்கள்? தூசி இரண்டையும் ஏறக்குறைய ஒரே வீதத்தில் குறைக்கும். ஆகவே விகிதத்தைப் பார்க்கிறோம். (எஞ்சும் சிறு வேறுபாட்டை நீக்க, இன்னொரு சோடிக் கதிர்களையும் அளப்பார்கள்.)

நம் பகுதியின் ஓசோன் முழுவதையும் தரைமட்ட அழுத்தத்துக்கும் 0 டிகிரி செல்சியஸுக்கும் கொண்டுவந்தால் ஏறத்தாழ 2.6 மில்லிமீட்டர் தடிப்பே தேறும். டாப்சன் அலகில் இது 260. சூரியன் உச்சியில் இருக்கையில் இந்த ஓசோன் மட்டுமே அவ்விகிதத்தை மூன்றில் ஒன்றாக்கிவிடும். சூரியன் உச்சியிலிருந்து 60 டிகிரி சாய்ந்தால் பாதை இரட்டிக்கும். விகிதம் ஆறில் ஒன்றாகாது, ஒன்பதில் ஒன்றாகும். ஏன் என்று நீங்களே தாளில் போட்டுப் பாருங்கள்.

பின்னாளில் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி கானிமீடை நோக்கியது. அதன் நிறமாலையில் 260 நானோமீட்டரை ஒட்டிய பகுதி மங்கியிருந்தது. காரணம் ஓசோன்! காவலூரில் எவ்வளவு பெரிய தொலைநோக்கியை வைத்தாலும் இது தெரிந்திராது. அந்த அலைநீளத்தை நம் தலைக்கு மேலுள்ள 2.6 மில்லிமீட்டர் ஓசோன் முழுவதுமாக விழுங்கிவிடுகிறது.