"எல்லாரும் ஒண்ணுதாங்க சார்": ஒரு குடிமையியல் பாட அனுபவம்

ஒன்பதாம் வகுப்பில் தேர்தல், அரசியல் கட்சிகள் பற்றிய பாடத்தை எடுக்கும்போது, ஒவ்வோர் ஆண்டும் வகுப்பிலிருந்து தவறாமல் ஒரு குரல் வருகிறது: "எல்லாரும் ஒண்ணுதாங்க சார்." சேலம் அம்மாபேட்டையில் நான் பணிபுரியும் பள்ளியில் பெரும்பாலான பிள்ளைகள் தறிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வீட்டிலும் டீக்கடையிலும் கைபேசியிலும் கேட்டதைத்தான் அவர்கள் வகுப்புக்குக் கொண்டுவருகிறார்கள். ஊழல் செய்தி இல்லாத நாளிதழ் இல்லை என்பதால், அவர்கள் சொல்வதை அடியோடு மறுக்கவும் முடியாது.

"அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று அடக்கினால், புத்தகம் வேறு, உலகம் வேறு என்ற முடிவுக்கு மாணவர்கள் வந்துவிடுவார்கள். "நீ சொல்வதும் சரிதான்" என்று தலையாட்டினால், அது இன்னும் ஆபத்து. எல்லாரும் ஒன்று என்றாகிவிட்டால், தவறு செய்தவருக்கும் செய்யாதவருக்கும் வேறுபாடு இல்லை. அதனால் பயன் பெறுபவர் தவறு செய்தவர் மட்டுமே. "அப்புறம் ஓட்டுக்குப் பணம் வாங்கினா என்னங்க சார்?" என்பதே அடுத்த கேள்வியாக என் வகுப்பில் வந்தது. இன்னும் நான்கு ஆண்டுகளில் வாக்களிக்கப் போகிறவர்கள் இவர்கள். எனவே இந்த அவநம்பிக்கையையே பாடப்பொருளாக எடுத்துக்கொண்டு மூன்று பாடவேளைகளைத் திட்டமிட்டேன்.

முதல் பாடவேளை: சொற்களைப் பிரித்தறிதல்

குற்றச்சாட்டு, முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு, மேல்முறையீடு ஆகிய ஐந்து சொற்களைக் கரும்பலகையில் எழுதினேன். பெரும்பாலான மாணவர்களுக்கு இவை எல்லாமே "மாட்டிக்கிட்டார்" என்ற ஒரே பொருளைத் தந்தன. ஒவ்வொன்றும் ஒரு படி என்பதை விளக்கினேன். படி மாறினால் பின்விளைவும் மாறும். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை பெற்றால் உடனே பதவி இழப்பார் என்ற நிலை, 2013-இல் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் வந்தது. அதற்கு முன், மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்துவிட்டால் பதவியில் நீடிக்க முடிந்தது. "அப்போ சட்டம் மாறுதுங்களா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்வியோடு அன்றைய வகுப்பு முடிந்தது.

இரண்டாம் பாடவேளை: ஒரு பழைய வழக்கு

இன்றைய வழக்கு எதையும் நான் எடுக்கவில்லை. எடுத்தால் வகுப்பு கட்சிவாரியாகப் பிரியும், பெற்றோரும் பிரிவார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய நிதி முறைகேடுகளில் ஒன்றான முந்த்ரா விவகாரத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

1956-இல் காப்பீட்டு நிறுவனங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டு ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே அது, ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபருக்குத் தொடர்புடைய ஆறு நிறுவனங்களின் பங்குகளில் சுமார் 1.24 கோடி ரூபாயை முதலீடு செய்தது. கழகத்தின் முதலீட்டுக் குழுவைக் கலந்துகொள்ளாமலே அது நடந்தது. பங்குச்சந்தை மாணவர்களுக்குப் புரியாது என்பதால், எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு போடும் சீட்டை உவமையாகச் சொன்னேன். சீட்டுப் பணத்தை நடத்துபவர், யாரையும் கேட்காமல், கடனில் தத்தளிக்கும் ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்தால் என்ன ஆகும்? வகுப்பு சட்டென்று புரிந்துகொண்டது.

பிறகு வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு கேள்வி கொடுத்தேன்.

1. யார் கேட்டார்? 1957 டிசம்பரில் மக்களவையில் இதை விரிவாக எழுப்பியவர் பெரோஸ் காந்தி. அவர் ஆளும் காங்கிரஸ் உறுப்பினர். பிரதமர் நேருவின் மருமகன்.

2. யார் விசாரித்தார்? பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா. மூடிய அறையில் அல்ல, பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். சில வாரங்களில் அறிக்கையும் தந்துவிட்டார்.

3. யார் பொறுப்பேற்றார்? தமிழகத்தைச் சேர்ந்த நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. துறைச் செயலரின் செயலுக்கும் அமைச்சரே பொறுப்பு என்று ஆணையம் கருதியது. 1958 பிப்ரவரியில் அவர் பதவி விலகினார்.

4. பிறகு என்ன ஆயிற்று? 1962-இல் அவர் மீண்டும் அமைச்சரவைக்கு வந்தார். 1963-இல் மீண்டும் நிதியமைச்சரானார்.

நான்காம் குழு பேசியதும் வகுப்பில் சத்தம் எழுந்தது. "அப்புறம் எதுக்குங்க சார் விலகினாரு?" என்றான் ஒருவன். "தான் பணம் எடுத்தார்னு யாரும் சொல்லலையே, திரும்ப வரக் கூடாதா?" என்றாள் இன்னொருத்தி. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இரு தரப்பும் தத்தம் காரணத்தை எழுதித் தர வேண்டும் என்றேன். "எல்லாரும் ஒண்ணு" என்று தொடங்கிய வகுப்பு, ஒரே நிகழ்வில் கேட்டவர், விசாரித்தவர், விலகியவர், பணத்தைப் பெற்றவர் என நான்கு வேறு மனிதர்களைப் பார்த்துவிட்டது.

மூன்றாம் பாடவேளை: படிவம் 26

வேட்பாளர்கள் வேட்புமனுவுடன் தாக்கல் செய்யும் உறுதிமொழிப் பத்திரம்தான் படிவம் 26. தம்மீது நிலுவையிலுள்ள வழக்குகள், பெற்ற தண்டனை, தமது மற்றும் குடும்பத்தாரின் சொத்து, கடன், கல்வித் தகுதி ஆகியவற்றை அதில் தெரிவிக்க வேண்டும். இது தானாக வந்ததல்ல. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகப் பேராசிரியர்கள் சிலர் 1999-இல் தொடங்கிய ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2002-இல் உச்ச நீதிமன்றம் வாக்காளரின் அறியும் உரிமையை ஏற்றது. அதைக் குறுக்கும் வகையில் வந்த சட்டத் திருத்தப் பிரிவையும் 2003-இல் செல்லாது என்றது. ஆசிரியர்கள் சிலர் தொடங்கிய முயற்சி இது என்பதை வகுப்பில் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன்.

காலிப் படிவத்தின் நகலை, கற்பனை வேட்பாளர் ஒருவருக்காக மாணவர்கள் நிரப்பினார்கள். உண்மையான வேட்பாளரின் படிவத்தை வகுப்பில் பயன்படுத்த வேண்டாம் என்பது என் கருத்து. தேர்தல் பணியாற்றும் நாம் நடுநிலை தவறியதாகத் தோன்றவே கூடாது. அந்தப் படிவங்களைத் தேர்தல் ஆணைய இணையதளத்தில் யாரும் பார்க்கலாம் என்பதை மட்டும் சொன்னேன். பெற்றோரிடம் தெரிவிக்குமாறும் கூறினேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்ததையும், பத்து ரூபாய் கட்டணத்தில் மனுச் செய்யலாம் என்பதையும், பொதுவாக முப்பது நாளுக்குள் பதில் தரவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

மூன்று பாடவேளைகளில் நம்பிக்கை திரும்பிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கண்மூடித்தனமான நம்பிக்கை திரும்ப வேண்டியதும் இல்லை. மாற்றம் வேறோர் இடத்தில் தெரிந்தது. சில வாரங்கள் கழித்து ஒரு செய்தியைப் பற்றி மாணவர்கள் பேசிக்கொண்டபோது, "அது குற்றச்சாட்டுதானே, தீர்ப்பு வந்திருச்சா?" என்று ஒருவன் மற்றவனைக் கேட்டான். சந்தேகம் அப்படியே இருந்தது. ஆனால் அது கேள்வியாக மாறியிருந்தது.

1917-இல் சேலம் நகராட்சித் தலைவரான ராஜாஜி, 1921-22-இல் வேலூர்ச் சிறையில் எழுதிய நாட்குறிப்பில், விடுதலை வந்தபின் தேர்தலும் ஊழலும் பணபலமும் மக்களை வாட்டும் என்று அஞ்சினார். அதற்கு அவர் கண்ட ஒரே நம்பிக்கை, அனைவருக்குமான கல்வி. நூறாண்டுக்கு முந்தைய அந்த அச்சம் இன்று நம் வகுப்பறையில் ஒரு மாணவனின் வாய்மொழியாக ஒலிக்கிறது. அடுத்த முறை "எல்லாரும் ஒண்ணுதாங்க" என்று ஒரு குரல் எழும்போது, அதைக் கடந்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடாமல், "யார் கேட்டார்? யார் விசாரித்தார்? யார் பொறுப்பேற்றார்? பிறகு என்ன ஆயிற்று?" என்ற நான்கு கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள்.