செவ்வாயில் மீதேனைத் தேடுதல்

செவ்வாய்க் கிரகத்தின் வாயு மண்டலத்தில் ஏறக்குறைய 95 சதவீதம் கரியமில வாயுவாகும். ஆயினும், அங்கு மிகச் சொற்ப அளவில் இருக்கக்கூடிய மீதேன் வாயுவே விஞ்ஞானிகளின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்துள்ளது. பூமியில் இவ்வாயு பெரும்பாலும் உயிரினங்களால் உண்டாகிறது. பாறையும் நீரும் வினைபுரிவதாலும் தோன்றும். செவ்வாயில் சூரியனின் புற ஊதாக் கதிர்கள் இதனைச் சில நூறு ஆண்டுகளில் சிதைத்துவிடும். எனவே, இன்று அங்கு மீதேன் காணப்படின், அது அண்மைக் காலத்தில் வெளிப்பட்டதாதல் வேண்டும்.

ஒவ்வொரு வாயுவும் தனக்கே உரிய அலை நீளங்களில் அகச்சிவப்புக் கதிர்களை உட்கவரும். மீதேன் 3.3 மைக்ரானை ஒட்டிய பகுதியில் வலுவாக உட்கவர்கிறது. செவ்வாயின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் அவ்விடங்களில் கருங்கோடுகள் தோன்றும். கோட்டின் ஆழத்தைக் கொண்டு வாயுவின் அளவு கணிக்கப்படும்.

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. அவ்வொளி தொலைநோக்கியை அடையுமுன் பூமியின் காற்றைக் கடக்கிறது. அக்காற்றில் நூறு கோடி மூலக்கூறுகளுக்குச் சுமார் 1,900 மீதேன் மூலக்கூறுகள் உள்ளன. செவ்வாயில் தேடப்படுவதோ சில பத்துகளுக்கு மேற்படாது. எனவே, செவ்வாயின் மெல்லிய கோடு பூமியின் அகன்ற கோட்டினுள் மறைகிறது.

டாப்ளர் விளைவு இதற்கு வழிகாட்டுகிறது. இரு கிரகங்களும் ஒன்றையொன்று நெருங்கும்போது செவ்வாயின் கோடு குறுகிய அலை நீளத்தை நோக்கியும், விலகும்போது நெடிய அலை நீளத்தை நோக்கியும் நகரும். வேகம் வினாடிக்கு 17 கி.மீ. ஆயின், இந்நகர்வு அலை நீளத்தில் ஏறக்குறைய 18,000-இல் ஒரு பங்கு. இச்சிறு இடைவெளியைப் பகுத்துக் காட்டும் கருவியே இப்பணிக்கு ஏற்றது.

ஹவாய்த் தீவின் மௌனா கியா சிகரத்தில் 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் நாசாவின் 3 மீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கி அமைந்துள்ளது. அங்கு 2003-ஆம் ஆண்டு நிகழ்த்திய ஆய்வுகளில் செவ்வாயின் ஒரு பகுதியில் சுமார் 19,000 டன் மீதேன் பரவியிருந்ததென மைக்கேல் மும்மாவும் குழுவினரும் 2009-இல் அறிவித்தனர். ஆனால், பூமியின் காற்றிலுள்ள கார்பன்-13 அடங்கிய மீதேனின் கோடுகள் இம்முடிவைப் பாதித்திருக்கலாம் என்ற ஐயம் 2011-இல் எழுப்பப்பட்டது.

செவ்வாயையே சுற்றிவரும் விண்கலத்திற்குப் பூமியின் காற்று தடையாகாது. 2018 முதல் ஆராய்ந்த ஐரோப்பிய–ரஷ்ய விண்கலம் மீதேனைக் காணவில்லை. நூறு கோடியில் 0.05 பங்கிற்கு மேல் இருத்தல் இயலாதென அதன் முடிவுகள் 2019-இல் காட்டின. செவ்வாய்த் தரையிலுள்ள கியூரியாசிட்டி ஊர்தியோ சராசரியாக 0.4 பங்கு அளந்துள்ளது. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள முரண்பாடு நீங்கிய பின்னரே, அவ்வாயு உயிரினால் தோன்றியதா, பாறையினால் தோன்றியதா என்னும் வினாவிற்கு விடை காண இயலும்.