உலகம் எனக்காகப் போட்ட நாடகமா?

"காண்பதெல்லாம் என் மனத்தின் தோற்றமோ? மற்றவர்கள் என்னைச் சுற்றி நடிப்பவர்களோ?" இந்த ஐயம் இளம் உள்ளங்களில் எழுவதுண்டு. வஞ்சக ஆவியொன்று தம்மை முற்றாக ஏமாற்றினால் என்னாகும் என 1641இல் தேக்கார்த்தும் கேட்டார். ஏமாறுவதற்கும் ஒருவன் இருக்க வேண்டுமே என்று புனித அகுஸ்தினார் முன்பே காட்டியிருந்தார். சரி, பிறர்?

நம் மட்டக்களப்பு வாவியைப் பாருங்கள். 1848இல் பிரித்தானிய அதிகாரி எமர்சன் தெனன்ற் இரவில் தோணியேறி, நீரடியில் எழும் இசையைக் கேட்டார். தோணிப் பலகையில் காதை வைத்ததும் ஒலி கூடியது. மனம் புனைந்த ஒலிக்குப் பலகை எதற்கு?

கனவிலும் அப்படி நிகழலாமே என்பீர்கள். தருக்கத்தால் இதனை முற்றாக மறுக்க இயலாது. ஆனால் நடிகனை மனிதனாக மதித்தால் இழப்பொன்றுமில்லை. மனிதனை நடிகனென்று தள்ளினால், அயலவரின் உண்மைக் கண்ணீரை மிதித்தவராவோம். ஆகவே பெற்றோரே, பிள்ளை இவ்வாறு கேட்டால் ஏளனம் செய்யாதீர்கள். பசித்த அயல் வீட்டுக்குச் சோறு கொடுத்து அனுப்புங்கள்.