தையற்பொறியைப் பேணுதல்

ஊணும் உடையும் உறையுளும் மக்கள் வாழ்விற்கு இன்றியமையாதன. அவற்றுள் உடையை ஆக்கும் தொழில்களில் நெய்தலுக்கு அடுத்து நிற்பது தைத்தலாகும். இத்தொழில் தமிழகத்திற்குப் புதியதன்று. துன்னுதல் என்பது தைத்தலைக் குறிக்கும் பழஞ்சொல். பண்டைப் புகார் நகரத்தில் துன்னகாரர் வாழ்ந்த செய்தியைச் சிலப்பதிகாரம் தெரிவிக்கின்றது. அவர்கள் கையூசி கொண்டே தைத்தனர். ஊசியைப் பொறியின் வயப்படுத்திய பெருமை பத்தொன்பதாம் நூற்றாண்டிற்கு உரியது.

அமெரிக்க நாட்டினரான எலியாஸ் ஹோ என்பவர், நுனியிலே கண்ணுடைய ஊசியும் அடியிலே ஓடமும் கொண்டு தைக்கும் பொறிக்கு 1846-ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். 1850-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்துப் பட்டறை ஒன்றில், அடிக்கடி பழுதுற்றுவந்த வேறொரு தையற்பொறியை ஐசக் சிங்கர் என்பவர் ஆராய்ந்தார். அதன் ஓடம் வட்டமாகச் சுழன்றது, ஊசியோ வளைந்திருந்தது. ஓடம் முன்னும் பின்னும் நேராகச் செல்லவும், நேரான ஊசி மேலும் கீழும் இயங்கவும் அவர் வழி கண்டார். 1851-இல் உரிமையும் பெற்றார். பழுதுபார்க்கும் முயற்சியிலிருந்தே உலகம் போற்றும் பொறி ஒன்று பிறந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பொறிகளின் பெருக்கத்தைக் கண்டித்த காந்தியடிகளும் இப்பொறியைக் கண்டிக்கவில்லை. பொறிகள் அனைத்தையும் வெறுக்கின்றீரோ என்று 1924-ஆம் ஆண்டில் அன்பர் ஒருவர் வினவியபோது, சிங்கர் தையற்பொறியை அவர் விலக்காக எடுத்துக்காட்டினார். மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்டு இரங்கிய கணவரது அன்பே அதனைத் தோற்றுவித்தது என்று அவர் கருதினார். தோற்றம் அன்பிலாயினும் பட்டறையிலாயினும், எண்ணற்ற இல்லங்களுக்கு அப்பொறி சோறிட்டது என்பதில் ஐயமில்லை.

அத்தகைய இல்லம் ஒன்றில் மூதாட்டி ஒருவர் இருந்தார். இளமையிலே கணவரை இழந்த அவர், காலால் மிதித்து இயக்கும் சிங்கர் பொறி ஒன்றின் துணைகொண்டு, அண்டை வீட்டார்க்குச் சட்டையும் பாவாடையும் தைத்துக் கொடுத்து, மக்கள் மூவரையும் படிக்க வைத்தார். முதுமையிற் கண்ணொளி குறைந்தது. பொறியும் மூலையில் ஒதுங்கிற்று. பதினைந்து ஆண்டுகள் கழிந்தபின் அதன் சக்கரம் அசைய மறுத்தது. பழைய இரும்பு வாங்குபவர் ஒருநாள் வாயிலில் நின்று எடைக்கு விலை பேசினார். மூத்த மகனும் இசைந்தார். மூதாட்டி ஒன்றும் கூறவில்லை, பொறியின் மேற்பலகையைத் தம் முந்தானையால் ஒருமுறை துடைத்தார், அவ்வளவே. அதனைக் கண்ட பேத்தி, “அப்பா, ஒரு திங்கள் பொறுங்கள், நான் முயன்று பார்க்கிறேன்” என்றாள். அவள் பத்தாம் வகுப்பில் பயில்பவள்.

அவள் தெருமுனைத் தையற்காரரிடம் சென்று வழி கேட்டாள். அவர் வந்து பார்த்து, “அம்மா, இரும்பு சாகவில்லை, எண்ணெய்தான் செத்துவிட்டது. வலிந்து மட்டும் திருப்பாதே” என்றார். அச்சொல்லில் உண்மை இருந்தது. நெடுங்காலம் இயங்காத பொறி நின்றுபோவதற்குத் துருவே காரணம் என்று பலர் எண்ணுவர். பெரும்பாலும் காரணம் அதுவன்று. முன்பு இட்ட எண்ணெய் உலர்ந்து பிசினாகி, பஞ்சுத் துகளோடு கலந்து மூட்டுகளைப் பற்றிக்கொள்கின்றது. அந்நிலையில் சக்கரத்தை வலிந்து திருப்பினால், பிசினுக்குப் பதிலாக உறுப்பு முறியும்.

பேத்தி முதலில் ஊசியையும் பாபினையும் எடுத்தாள். ஒவ்வோர் உறுப்பையும் கழற்றுமுன் கைப்பேசியிற் படம் எடுத்தாள். திருகாணிகளைக் கழற்றிய முறைப்படியே தட்டில் வரிசையாக வைத்தாள். துணியை நகர்த்தும் பற்களின் அடியில் பஞ்சு கம்பளிபோல் திரண்டிருந்தது. அதனைக் குச்சியாலும் தூரிகையாலும் நீக்கினாள். கொக்கியின் பின்னே சிக்கியிருந்த பழநூலையும் எடுத்தாள். பின்னர், காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்பிற்கும் விளக்கிற்கும் அப்பால் பொறியை வைத்து, மூட்டுகள்தோறும் சிறிது மண்ணெண்ணெய் இட்டாள். அது பிசினைக் கரைக்குமேயன்றி உராய்வைத் தடுக்காது. ஆதலின், அழுக்கைத் துடைத்த பின்னர்த் தையற்பொறி எண்ணெயைத் துளித்துளியாக விட்டாள். மூன்று நாள் இவ்வாறு செய்து, சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தாள். நான்காம் நாள் அது முழுச்சுற்றுச் சுற்றிற்று.

இவ்விடத்தில் இரண்டு பிழைகளை விலக்குதல் வேண்டும். ஒன்று, சமையல் எண்ணெயைப் பொறிக்கு இடுதல். நல்லெண்ணெய் நாளடைவிற் பிசுபிசுப்பாகும். தேங்காயெண்ணெய் குளிரில் உறையும். மற்றொன்று, கரிய மேனியைப் பளபளப்பாக்க விரும்பி ஸ்பிரிட்டால் துடைத்தல். பழைய பொறிகளின் மேற்பூச்சில் அரக்கு உண்டு. ஸ்பிரிட் அதனைக் கரைத்து, பொன்வண்ணப் பூவேலைப்பாட்டையும் அழித்துவிடும். சிறிது தையற்பொறி எண்ணெய் தோய்ந்த மெல்லிய துணியே அதற்குப் போதும். மின்னால் இயங்கும் பழம்பொறியாயின், கம்பிகளின் உறை வெடித்திருக்கக்கூடும். அதனை மின்வினைஞர் பார்க்குமுன் இயக்கலாகாது.

பொறி சுழன்றது, ஆயினும் தையல் அமையவில்லை. மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவே பின்னிக்கொள்வதே பூட்டுத்தையல். ஊசி துணியைத் துளைத்துக் கீழிறங்கிச் சற்றே மேலெழும்போது, அதன் நூல் சிறு வளையமாகின்றது. கொக்கியின் கூர்முனை அவ்வளையத்தைப் பற்றிக் கீழ்நூலைச் சுற்றிக் கொண்டுசெல்கின்றது. துணியின் அடியில் நூல் கண்ணி கண்ணியாகத் தொங்கினால் மேல்நூலின் இறுக்கம் போதாது என்பதும், கீழ்நூல் மேற்புறம் தோன்றினால் மேல்நூல் மிக இறுகியுள்ளது என்பதும் பொதுவாக அறியத்தக்கன. அழுத்துங்காலைத் தூக்கி வைத்து நூல் கோத்தால்தான், இறுக்கும் தட்டுகளின் இடையே நூல் சரியாக அமையும். ஊசியின் நீண்ட பள்ளம் நூல் நுழையும் பக்கத்தை நோக்கியிருத்தல் வேண்டும். இவற்றையெல்லாம் பேத்தி ஒவ்வொன்றாகக் கற்றாள். ஊசியைப் பற்றி அவள் கவலையுற வேண்டியிருக்கவில்லை. அப்பொறியைச் செய்த ஸ்காத்லாந்துத் தொழிற்சாலை 1980-ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டது. எனினும், அதே அமைப்புடைய பொறிகள் பல நாடுகளிற் செய்யப்பட்டமையால், அதற்கேற்ற ஊசி இன்றும் கடைகளிற் கிடைக்கின்றது.

எல்லாம் செம்மையுற்றன என்று எண்ணி அவள் மிதித்தாள். நூல் அறுந்தது. மீண்டும் கோத்தாள், மீண்டும் அறுந்தது. அவள் கண்கலங்கினாள். அப்போது உள்ளறையிலிருந்து, “சக்கரம் பின்னோக்கி ஓடுகிறது, கண்ணே! அது உன் பக்கமாக உருள வேண்டும்” என்று குரல் வந்தது. பொறியின் முகத்தைக் காண இயலாத மூதாட்டி, அதன் ஒலியைக் கேட்டே பிழையை அறிந்தார். அவர் மெல்ல நடந்து வந்து அமர்ந்தார். பேத்தி நூல் கோத்தாள். பாட்டி மிதிபலகையில் கால் வைத்தார். கையால் சக்கரத்தைத் தம் பக்கமாக ஒருமுறை தள்ளினார். துணியின்மேல் நேரான தையல் ஓடிற்று. இரும்பு வாங்குபவரைப் பற்றி அவ்வீட்டில் அதன்பின் எவரும் பேசவில்லை.

பொறியைப் பேணுதல் அரிய செயலன்று. தைத்து முடித்ததும் பஞ்சைத் துடைத்தல், வேலை மிகுந்த காலத்தில் நாள்தோறும் ஓரிரு துளி எண்ணெய் இடுதல், மழுங்கிய ஊசியை மாற்றுதல், தளர்ந்த தோல்வாரைச் சிறிது வெட்டி இணைத்தல், பயன்படாத காலத்தும் திங்களுக்கு ஒருமுறை சக்கரத்தைச் சுழற்றுதல் ஆகியவையே போதும். இவற்றால் நூறாண்டு கடந்த பொறியும் நன்கு உழைக்கும்.

பழைய பொருள்கள் யாவும் பயனற்றவை அல்ல. ஒரு பொருளை எறியுமுன் அதன் பழுது யாதென அறிய முயலுதல் அறிவுடைமை. அப்பொருளோடு உழைத்தவரிடம் அதன் இயல்பைக் கேட்டறிதல் பணிவுடைமை. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தமையால் அப்பேத்தி காத்தது ஓர் இரும்புப் பொறியை மட்டுமன்று. பாட்டியின் கையிலும் காதிலும் தங்கியிருந்த தொழிலறிவையும் ஆகும்.