ஓடிக்கொண்டே இருந்து நின்றுபோகும் கறுப்பு விண்டோ: காரணம் கண்டுபிடிப்பது எப்படி?

கமாண்ட் ப்ராம்ப்ட் என்னும் கறுப்பு விண்டோவில் ஒரு கட்டளை கொடுக்கிறீர்கள். வரிகள் மளமளவென்று ஓடுகின்றன. திடீரென்று எல்லாம் நின்றுவிடுகிறது. எர்ரர் செய்தி எதுவும் இல்லை. விண்டோவை மூடிவிட்டு மறுபடியும் கட்டளை கொடுத்தால் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு மீண்டும் நிற்கும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதை வைரஸ் என்றோ, ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றோ நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டும் இல்லை. இப்படித் திரும்பத் திரும்ப வரும் கோளாறுக்கு எப்படித் துப்புத் துலக்குவது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

முதலில் பேப்பரும் பேனாவும்

ஒரே ஒரு முறை வந்து மறையும் கோளாறைப் பிடிப்பது கடினம். அடிக்கடி வரும் கோளாறு அப்படியல்ல. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு தடயத்தை விட்டுச் செல்லும். எனவே கோளாறு வரும்போதெல்லாம் மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள்.

1. எந்த இடத்தில் நின்றது?
2. தொடங்கி எவ்வளவு நேரம் கழித்து நின்றது?
3. நிற்பதற்குச் சற்று முன் நீங்கள் என்ன செய்தீர்கள்?

மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். "நான் ஒன்றுமே செய்யவில்லை, அதுவாகவே நின்றது" என்பார்கள்.

என் சித்தப்பா தன் மகளின் கல்யாணப் படங்களை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஏற்ற, விண்டோஸ் 10-ல் ரோபோகாப்பி கட்டளையைப் பயன்படுத்தினார். காப்பி ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றது. ஒரு கடையில், ஹார்ட் டிஸ்க்கில் கோளாறு இருக்கிறது, பார்மட் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் படங்களுக்கு வேறு பிரதி கிடையாது. பார்மட் செய்திருந்தால் எல்லாம் போயிருக்கும். "இரண்டு நாள் பொறுங்கள் சித்தப்பா, இந்த மூன்றையும் எழுதி வையுங்கள்" என்றேன்.

அவர் எழுதிய குறிப்பு இரண்டு உண்மைகளைச் சொன்னது. முதலாவது, காப்பி ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பைலில் நின்றிருந்தது. டிஸ்க்கில் ஓர் இடம் பழுதாகியிருந்தால் அதே பைலிலோ அதன் அருகிலோதான் தடுமாறும். இரண்டாவது, ஒவ்வொரு குறிப்பிலும் ஒரே வரி இருந்தது: "எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க விண்டோவைக் கிளிக் செய்தேன்." ஆக, அவர் வந்து பார்க்கும் வரை காப்பி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது!

என்னதான் நடக்கிறது?

பழைய கன்சோல் விண்டோவில் க்விக் எடிட் மோட் என்று ஒரு வசதி உண்டு. மவுஸால் எழுத்துகளைத் தேர்வு செய்து காப்பி எடுப்பதற்கானது இது. விண்டோஸ் 10-ல் இது தானாகவே செயல்பாட்டில் இருக்கும். கறுப்புப் பகுதியில் ஒரு கிளிக் செய்தாலே தேர்வு தொடங்கிவிடும். தேர்ந்தெடுக்கும் எழுத்துகள் நகர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, புதிய வரிகள் வருவதை விண்டோஸ் நிறுத்திவைக்கிறது. அடுத்த வரியை எழுத முடியாத புரோகிராமும் அங்கேயே காத்து நிற்கிறது. இது பழுது அல்ல, ஒரு வசதியின் பக்கவிளைவு.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

1. விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்துங்கள். ரன் பெட்டியில் சிஎம்டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள்.
2. பிங் என்று டைப் செய்து இடைவெளி விடுங்கள். கழித்தல் குறியும் டி எழுத்தும் சேர்த்து அடித்து, மீண்டும் இடைவெளி விட்டு 127.0.0.1 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். நொடிக்கு ஒரு வரி வரும்.
3. கறுப்புப் பகுதியில் ஒருமுறை கிளிக் செய்யுங்கள். வரிகள் நின்றுவிடும். டைட்டில் பாரில் பெயருக்கு முன்னால் செலக்ட் என்ற சொல் வந்திருப்பதைக் கவனியுங்கள்.
4. எஸ்கேப் கீயை அழுத்துங்கள். வரிகள் மீண்டும் ஓடும். முடிக்க கண்ட்ரோல் + சி.

விண்டோஸ் 11-ல் 2022-லிருந்து கமாண்ட் ப்ராம்ப்ட், விண்டோஸ் டெர்மினல் என்ற புதிய விண்டோவுக்குள் திறக்கிறது. அதில் இந்த நிறுத்தம் வராது.

இந்த வசதி வேண்டாம் என்றால், டைட்டில் பாரில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ் செல்லுங்கள். ஆப்ஷன்ஸ் டேபில் க்விக் எடிட் மோட் எதிரே உள்ள டிக்கை எடுத்துவிட்டு ஓகே கொடுங்கள். இனித் திறக்கும் விண்டோக்களுக்கும் பொருந்த வேண்டுமானால், ப்ராப்பர்டீஸுக்குப் பதில் டிபால்ட்ஸில் இதையே செய்யுங்கள்.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு

லினக்ஸ் டெர்மினலும் இப்படி உறையும். ஆனால் காரணம் வேறு. வேர்டில் சேவ் செய்யும் பழக்கத்தில் கண்ட்ரோல் + எஸ் அழுத்தியிருப்பீர்கள். டெர்மினலில் அதற்கு "அனுப்புவதை நிறுத்து" என்று பொருள். 1963-ல் வந்த டெலிடைப் மாடல் 33 போன்ற இயந்திரங்களின் காலத்து வழக்கம் இது. அந்த இயந்திரம் நொடிக்கு 10 எழுத்துகள்தான் அச்சிடும். அதனால் அனுப்புபவரை நிறுத்தவும் தொடரச் செய்யவும் இரண்டு சைகைகள் தேவைப்பட்டன. இயந்திரம் போய்விட்டது, சைகை மட்டும் தங்கிவிட்டது. கண்ட்ரோல் + க்யூ அழுத்தினால் நின்ற இடத்திலிருந்து தொடரும்.

இது தெரியாமல் விண்டோவை மூடிவிடாதீர்கள். சாப்ட்வேர் அப்டேட் ஓடும்போது மூடினால் அது பாதியில் அறுந்து, புதிய சிக்கலைக் கொண்டுவரும்.

எப்போது உண்மையிலேயே கவலைப்பட வேண்டும்?

டைட்டிலில் செலக்ட் இல்லை, எஸ்கேப் அழுத்தியும் அசையவில்லை, ஒவ்வொரு முறையும் அதே பைலில்தான் நிற்கிறது என்றால் டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம். அப்போதும் முதல் வேலை பார்மட் அல்ல. படிக்க முடிகிற பைல்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றுவதுதான் முதல் வேலை.

நினைவில் வையுங்கள்

* ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால், எது சரிசெய்தது என்று தெரியாது.
* கோளாறை நீங்களே வேண்டுமென்று வரவழைக்க முடிந்தால், பாதிக் காரணம் கையில் கிடைத்துவிட்டது என்று பொருள்.
* பார்மட் என்ற சொல்லை யார் சொன்னாலும், "பைல்களுக்கு இன்னொரு பிரதி இருக்கிறதா?" என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.